ராத்திரி மூன்று மணிக்குக் கல்லீரல் என்ன செய்கிறது?

மகளிர் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். வளர்சிதை மாற்றம் பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது. சிட்ரிக் அமிலச் சுழற்சியை இருபது தடவை எழுதிப் பார்த்தும் பரீட்சை ஹாலில் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். எப்படித்தான் மனப்பாடம் செய்வது, மேடம்?
– மாணவி, நாமக்கல்

பதில்: சாப்பாட்டிலிருந்து செல் ஆற்றலை எடுக்கிற வழிதானே இந்தச் சுழற்சி? முதலில் அந்த வட்டப் படத்தை மூடி வை, கண்ணு. பெயர்களை மட்டும் கோத்துக்கொண்டே போனால், நடுவில் ஒன்று நழுவினாலும் பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து போய்விடும். கார்பனை எண்ணு. இரண்டு கார்பன் உள்ள அசிட்டைல் துண்டு வருகிறது. நான்கு கார்பன் உள்ள ஆக்சலோஅசிட்டேட் அதோடு சேர்கிறது. ஆறு. அதுதான் சிட்ரேட். ஒரு கார்பன் கரியமில வாயுவாகக் கழன்றால் ஐந்து, இன்னொன்றும் கழன்றால் நான்கு. அந்த நான்கைத் திரும்ப ஆக்சலோஅசிட்டேட் ஆக்குவதுதான் மீதிப் பாதி. ஒரு சுற்றுக்கு, ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகளாக மூன்று என்.ஏ.டி.எச்., ஓர் எஃப்.ஏ.டி.எச்.2, ஒரு ஜி.டி.பி. (GTP) கிடைக்கும். தாளில் 4, 6, 5, 4 என்று எண்களை மட்டும் எழுதிவிடு. பெயர்களை அப்புறம் அதன் மேல் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வட்டம் என்று எப்படித் தெரிந்தது என்பதை யாராவது உனக்குச் சொன்னார்களா? 1937-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் புறாவின் மார்புத் தசையைக் கொத்தி எடுத்துச் சோதனை செய்தார். பறக்கிற தசை, ஆக்சிஜனை அவ்வளவு வேகமாக இழுக்கும். அதில் மாலோனேட் என்ற தடுப்புப் பொருளைச் சேர்த்தால், சுழற்சியின் நடுவே வரும் நான்கு கார்பன் பொருளான சக்சினேட் மேற்கொண்டு நகராமல் தேங்கியது. வாய்க்காலை அடைத்தால் அடைப்புக்கு மேலே தண்ணீர் நிற்கும் அல்லவா, அப்படி. பிறகு, அடைப்புக்குக் கீழே வர வேண்டிய ஆக்சலோஅசிட்டேட்டை வெளியிலிருந்து ஊற்றிப் பார்த்தார். அப்போதும் சக்சினேட் தேங்கியது! கீழே ஊற்றிய தண்ணீர் மேலே எப்படி வந்து நிற்கும்? சுற்றிக்கொண்டு வந்தால்தான் வரும். இதை ஒருமுறை உட்கார்ந்து யோசித்துப் பார். அதற்கப்புறம் சக்சினேட் எங்கே வரும், ஆக்சலோஅசிட்டேட் எங்கே வரும் என்பது உனக்கு மறக்கவே மறக்காது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை கூடுதலாக இருக்கிறதென்று ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். அப்படியும் குறையவில்லை. சாப்பிடாதவர் ரத்தத்தில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கல்லீரலிலிருந்து. வகுப்பில் இந்தப் பாடத்துக்கு நான் போர்டில் முதலில் ஒரு கடிகாரம்தான் வரைவேன். எட்டு மணிக்குச் சாப்பாடு. அடுத்த சில மணி நேரம் உடம்பு அந்தச் சாப்பாட்டில் ஓடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு வயிறு காலி. ஆனால் மூளை தூங்குகிறபோதும் குளுக்கோஸ் கேட்கும், ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம். கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த 100 கிராம் போல உள்ள கிளைக்கோஜனை, அதாவது குளுக்கோஸ் சேமிப்பை, உடைத்துக் கொடுக்கிறது. தசையில் அதைப்போல் நான்கு மடங்கு இருந்தும் அது பிறருக்குத் தராது. குளுக்கோஸை ரத்தத்துக்குள் விடுகிற கடைசி நொதி தசையில் இல்லை. எனவே கல்லீரல் லாக்டேட், அமினோ அமிலங்கள், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் ஆகியவற்றைக் கொண்டு புதிதாகவும் குளுக்கோஸ் செய்கிறது. 'போதும், நிறுத்து' என்று அதற்குச் சொல்வது இன்சுலின். உங்கள் அப்பாவின் கல்லீரலுக்கு அந்தச் சொல் சரியாக எட்டவில்லை. அதனால் தேவைக்கு மேலும் செய்துகொண்டே இருக்கிறது. அவர் பட்டினி கிடந்து இதை நிறுத்த முடியாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் படுத்தால் ராத்திரியில் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துபோகவும் கூடும். தயவுசெய்து இன்று ராத்திரியே சாப்பிடச் சொல்லுங்கள். மருந்தின் அளவையும் வேளையையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: புழுங்கல் அரிசி நல்லது என்று பாட்டி சொல்வதில் விஷயம் இருக்கிறதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடும். குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை, சுழற்சிக்குள் நுழையும் அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் நொதிக்குத் தயமின் வேண்டும். தீட்டிய பச்சரிசியே கதி என்று இருந்தவர்களைத்தான் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியது.

கேள்வி: இந்தப் பாடத்தில் நம் பக்கத்து ஆள் யாராவது உண்டா?
– மாணவர், மதுரை

பதில்: உண்டு, தம்பி. நான் படிக்கும்போது பாஸ்பேட் அளக்கிற பிராக்டிகலில் 'ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். சுப்பாராவ் யார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு போனார். 1925-ல் ஃபிஸ்கேயோடு சேர்ந்து அந்த முறையை வெளியிட்டார்.

ஸ்டாண்டில் வரிசையாகச் சோதனைக் குழாய்கள். மாலிப்டேட் ஊற்றினாலும் தண்ணீர் மாதிரியே நிற்கும். ஒடுக்கியைச் சேர்த்தபின் மெல்ல நீலம் ஏறும். பாஸ்பேட் கூடக் கூட நீலமும் அடர்த்தியாகும். தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் ஏறத் தாமதமானதை அவர்கள் கவனித்தார்கள். ஏதோ ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பேட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் தசை தன் அவசரத்துக்கு வைத்திருக்கும் பாஸ்போகிரியாட்டின். 1927-ல் அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் தசையில், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் (ATP) கண்டார்கள். அதே சமயம் ஜெர்மனியில் லோமானும் கண்டார்.

நான் ஆசிரியையான பிறகு ஒவ்வொரு வருடமும், குழாய் நீலமாகும் வரை பிள்ளைகள் காத்திருக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் சுப்பாராவ் கதையைத்தான் சொன்னேன்.