தட்டில் மிச்சம் வைக்க முடியாதவர்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். எண்பதுகளில், பள்ளியில் போட்ட சத்துணவுதான் பல நாள் எனக்கு ஒரே முழுச் சாப்பாடு. இப்போது சென்னையில் வேலை, சொந்த வீடு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் மகள் தட்டில் மிச்சம் வைத்தால் வயிறு நிறைந்திருந்தாலும் நானே எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். போன வாரம் அவளைக் கடுமையாகத் திட்டினேன், அழுதுவிட்டாள். எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. இது நல்ல பழக்கமா, நோயா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு இது உங்களுக்குள் இருக்கிற ஒரு பழைய பயமாகத்தான் தெரிகிறது. அடுத்த வேளைக்கு இருக்குமா என்று சின்ன வயதில் உடம்பு பயந்தது. சம்பளம் வந்த பிறகும் அது தானாகப் போய்விடுவதில்லை.

நானும் அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைதான். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு எங்கள் பள்ளி வராந்தாவில் மதியம் பேச்சுச் சத்தமே கேட்காது. அவ்வளவு வேகமாகச் சாப்பிடுவார்கள். 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைத் தின்னாமல் கால்சட்டைப் பையில் வைத்துத் தம்பி தங்கைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. அள்ளித் தின்பதையும் ஒளித்து வைப்பதையும் பங்கு போடுவதையும் பசித்த பிள்ளை ஒன்றாகவே கற்றுக்கொள்கிறது. உங்களிடம் இன்று இருப்பதில் அந்த மூன்றும் கலந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்துடன், 24 வாரம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார்கள். அந்த இளைஞர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பிலேயே இருந்தார்கள். வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்தது தெரியவே இல்லை. வளர்ந்த ஆண்களுக்கு ஆறு மாதத்துக்குள் நடந்தது இது. நீங்கள் வளர்கிற வயதில் வருஷக்கணக்காகப் பசித்திருந்தவர். 2016-இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு உங்களுக்கு நெருக்கமானது: வறுமையில் வளர்ந்தவர்கள் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்னால் வைத்த தீனியை ஏறக்குறைய ஒரே அளவு தின்றார்கள். அதனால் வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் மகளைத் திட்டியதில் நான் உங்கள் பக்கம் இல்லை. கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு மூடுகிற பெரியவர்கள்மேல் கோபம் வந்தால் எனக்கும் சம்மதம். அவள் குழந்தை. வயிறு நிறைந்ததும் ‘போதும்’ என்கிறாள், அவ்வளவுதான். அவள் பயமில்லாமல் அதைச் சொல்ல வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடுபட்டீர்கள்? உங்கள் பள்ளிக்கூடத்துக் கதையை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அங்கே சொன்னால் அது குற்றம் சாட்டுவதாகிவிடும்.

அப்புறம், அவளுக்கு முதலில் கொஞ்சமாகப் போடுங்கள், வேண்டுமென்றால் கேட்கட்டும். மிச்சம் தட்டில் இல்லாமல் பாத்திரத்திலேயே இருந்தால் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைக்கலாம். எதுவும் வீணாகாது, உங்கள் மனசும் ஆறும். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘சோற்றைக் குறையுங்கள்’ என்று அவர் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.