பதவியில் இருந்துகொண்டே டாக்டர் பட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டி.பி.ஏ. எனப்படும் தொழில் நிர்வாக முனைவர் பட்டம் பற்றி வந்த கேள்விகளில் சில. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் துணைத் தலைவராக இருக்கிறேன், வயது 46. பார்ட் டைம் பிஎச்.டி.யா, டி.பி.ஏ.வா? டி.பி.ஏ. கொஞ்சம் இளைத்த பிஎச்.டி. என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வது சரியில்லை. பிரிட்டனின் கல்வித் தகுதி அடுக்கில் இரண்டுக்கும் ஒரே 8-ஆம் நிலைதான். கேள்வி எங்கே பிறக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படித்து, விடுபட்ட இடத்தைத் தேடுவார். டி.பி.ஏ. செய்பவர் தன் வேலையில் தலைவலியாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகளிடம் போவார்.

உங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்ந்த மூன்றே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசனை நிறுவனம் என்றால் உங்களுக்கு மட்டும் ஒரு தீர்வு சொல்லிவிட்டு பில் அனுப்பிவிடும். ஆய்வேட்டுக்கு அது போதாது. முதல் வாரத்தில் லைன் சூப்பர்வைசர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் ஆள் நிலைப்பதற்கும் தொடர்பு உண்டா? இரண்டு லைன்களில் மட்டும் அறிமுகப் பயிற்சியை மாற்றினால் என்ன ஆகிறது? அதைக் கோவையில் பவுண்டரி நடத்தும் ஒருவர் எடுத்துப் பயன்படுத்த முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிர்வாகிகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘எங்கள் கம்பெனியில் இது வேலை செய்தது’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கேட்பவர்களுக்கு அது ஏன் வேலை செய்தது என்று தெரிய வேண்டும்.

பெயரை மட்டும் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பல பத்தாண்டுகளாக டி.பி.ஏ. என்று கொடுத்துவந்தது பேராசிரியர் ஆகப்போகிறவர்களுக்கான ஆராய்ச்சிப் பட்டம். 2018-இல் அதைப் பிஎச்.டி. என்றே மாற்றிவிட்டார்கள். மறுபக்கம், ஐ.ஐ.எம். கோழிக்கோடு பணியில் இருப்பவர்களுக்கென்று ‘பிராக்டிஸ் டிராக்’ பிஎச்.டி. நடத்துகிறது. பெயர் பிஎச்.டி., உள்ளே இருப்பது கிட்டத்தட்ட நீங்கள் தேடுவது. முதலில் அதை விசாரியுங்கள்.

பதினெட்டு மாதம், முழுக்க ஆன்லைன், வெளிநாட்டுப் பல்கலைக்கழக டாக்டர் பட்டம் என்று தினமும் போன் வருகிறது. சேரலாமா? (சென்னை, மென்பொருள் துறை)

பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள மட்டும் என்றால் உங்கள் பணம், உங்கள் விருப்பம். இந்தியாவில் அங்கீகாரம் வேண்டும் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

எட்-டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி.களுக்கு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரிலேயே எச்சரித்தன. அடுத்த மாதம் வந்த பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகள் இன்னும் தெளிவு: தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கிடையாது, கோர்ஸ் வொர்க் எனப்படும் வகுப்புப் பாடங்களையும் சேர்த்துக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள். அந்த விதிகள் பிஎச்.டி.க்குத்தானே, எங்களுடையது டி.பி.ஏ. ஆயிற்றே என்று விற்பனையாளர் சமாளிப்பார். சரி, அப்படியானால் இந்தியாவில் எந்த வேலைக்கு இது பிஎச்.டி.க்கு இணையாக எடுத்துக்கொள்ளப்படும், எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அதற்கப்புறம் போன் வருவது குறையும்.

வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்க 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. தனி விதிகள் கொண்டுவந்தது. பட்டம் தரும் நிறுவனத்துக்கு அதன் சொந்த நாட்டில் அங்கீகாரம் இருக்க வேண்டும். பெயரை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்து பிரான்சைஸ் முறையில் நடத்தப்படும் படிப்பு செல்லாது. மேலாண்மைப் படிப்புகளைத் தரம் பார்க்கும் ஆம்பா போன்ற அமைப்புகளின் முத்திரை படிப்பின் தரத்துக்கு நல்ல அடையாளம், ஆனால் அரசு அங்கீகாரம் வேறு. விளம்பரங்கள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்பும்.

என் நிறுவனத்தையே ஆய்வுக்களமாக எடுக்கப்போகிறேன். எம்.டி. ‘தாராளமா பண்ணுங்க’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். போதுமா? (கோயம்புத்தூர்)

போதாது. அந்த எம்.டி. இரண்டு வருடம் கழித்து அதே நாற்காலியில் இருப்பாரா? எந்தத் தரவு, எந்தக் காலத்துக்கு, நிறுவனத்தின் பெயர் வருமா மறைக்கப்படுமா என்று ஒரு பக்கக் கடிதமாக எழுதி வாங்குங்கள். பார்ட் டைம் பிஎச்.டி. என்றால் நிறுவனம் தரும் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) எப்படியும் கட்டாயம்; ஆய்வுக்குப் போதிய நேரம் உங்கள் வேலை அனுமதிக்கிறது என்றும் அதில் இருக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது உங்கள் பதவி. நீங்கள் நேர்காணல் செய்யப்போகிறவர்களின் இன்கிரிமென்ட் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அவர்கள் உண்மையையா சொல்வார்கள்? ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்பதை நாற்பது பேரிடம் பதிவு செய்து வருவீர்கள். உங்களுக்குக் கீழே வராத பிரிவையோ வேறு ஆலையையோ எடுங்கள். இல்லையென்றால் வெளியாள் ஒருவரை நேர்காணல் எடுக்கச் சொல்லி, பெயர் நீக்கிய பிரதியை மட்டும் வாங்குங்கள். மறுத்தாலும் பாதிப்பு இல்லை என்ற ஒப்புதல் படிவம் அவசியம். எச்.ஆர். கோப்பில் இருப்பதை எல்லாம் உங்களுக்குப் பார்க்க அனுமதி இருக்கிறது என்பதால் ஆய்வுக்கு எடுத்துவிட முடியாது. அது வேலைக்காகக் கொடுத்த அனுமதி.

நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தால் இன்னொரு கண்ணி. வெளியிடப்படாத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைக் கைடிடம் சொல்வதுகூட செபியின் உள்வணிக விதிகளில் பிரச்சினையாகலாம். முடிந்துபோன ஆண்டுகளின் தரவோடு நில்லுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் போட்டியாளரும்தான். சிறிது காலம் வெளியிடாமல் வைக்க வழி உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு மணி நேரம், விடாமல். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஆறு நாள் தொடாமல் இருந்தால், அடுத்த ஞாயிறில் பாதி ‘எங்கே விட்டோம்’ என்று தேடுவதிலேயே போய்விடும். அதைவிடத் தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது உட்காருவது மேல். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் எதுவும் நடக்காது, அதைத் திட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஓய்வுக்குப் பின் கல்லூரியில் பாடம் நடத்த ஆசை. அதற்காகத்தான் டாக்டர் பட்டம். (திருச்சி, வங்கி அதிகாரி)

அதற்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த ‘புரொபசர் ஆப் பிராக்டிஸ்’ பதவிக்குத் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம், அதுவும் மூத்த நிலையில், இருந்தால் போதும்; பட்டத் தகுதி கட்டாயமில்லை. தற்காலிகப் பதவிதான், அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் வரை. உங்கள் வயதுக்கு அது குறையா என்ன?

தீசிஸ் எழுதித்தர ஆட்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள், கூரியரில் பைண்டிங்கோடு வரும். காசு கொடுத்து டென்ஷனையும் வாங்குவானேன்? யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனாலே திருத்தி மறுபடி தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருளுக்குத் தப்பினாலும் வைவாவில் ‘இந்த மாதிரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வேண்டுமே.

கம்பெனியே கட்டணம் கட்டுகிறது, மூன்று வருட பாண்ட் கேட்கிறது. கையெழுத்துப் போடலாமா?

மூன்று வருடம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து என்றால், பார்ட் டைமில் படிப்பு ஆறு ஆண்டு இழுத்தாலும் அதற்கு மேல் மூன்று. ஒவ்வொரு தவணை கட்டணமும் கட்டிய தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். நீங்களாக விலகினால் மட்டுமே திருப்பித் தர வேண்டும், நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் தர வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எச்.ஆர். முகம் சுளிப்பார், ஆனால் சேர்ப்பார்.