உகாண்டாவில் பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்ய வரும் தங்கச்சிக்கு

நர்சிங் முடித்துவிட்டு, உகாண்டாவில் மசாகா பக்கம் ஒரு அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வருஷம் ஊழியம் செய்யப் போவதாக நாசரேத்திலிருந்து எழுதியிருக்கிறாய். அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், சாப்பாடு என்ன, பயமில்லையா, பிள்ளைகள் என்னோடு ஒட்டிக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறாய். நானும் பாளையங்கோட்டையிலிருந்து இதே மாதிரி ஒரு இல்லத்துக்கு வந்து, இந்தப் பக்கமே தங்கிவிட்டவள்தான். உன் கடைசிக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். மற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வருஷம் முழுக்க ஏழு மணிக்குச் சற்று முன்னால் விடியும், மாலை ஏழு மணிவாக்கில் இருட்டிவிடும். தலைநகர் கம்பாலாவிலிருந்து மசாகா வரும் சாலை கயப்வே என்ற இடத்தில் பூமத்திய ரேகையைத் தாண்டி வருகிறது. ஆனாலும் நம் ஊர் வெயில் இங்கே கிடையாது. தரை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், அதனால் ராத்திரிக்குப் போர்வை வேண்டும். மார்ச் முதல் மே வரை ஒரு மழைக்காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. மண் நம் தேரிக்காடு மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். வெள்ளை உடுப்பு எதையும் கொண்டுவராதே.

பிள்ளைகள் இருட்டோடு எழுந்துவிடுவார்கள். பெரிய பிள்ளை ஒருத்தி பாட்டு தொடங்க, சின்ன ஜெபம் நடக்கும். பிறகு முற்றம் பெருக்குவதும், ஜெரிக்கேனில் தண்ணீர் சுமப்பதும், மக்காச்சோள மாவுக் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவதுமாக இருக்கும். அவர்கள் போனபின் இல்லம் அமைதியாகிவிடும் என்று நினைக்காதே, உன் வேலை அப்போதுதான் ஆரம்பம். பீன்ஸில் கல் பொறுக்க வேண்டும், மருந்துப் பதிவேடு எழுத வேண்டும், யாருக்கு எப்போது தடுப்பூசி என்று பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், கிழிந்த சீருடை தைக்க வேண்டும். சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் துணி துவைத்தல், பேசினில் குளியல், சோலார் விளக்கடியில் வீட்டுப்பாடம், ஜெபம், சாப்பாடு. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார்கள், யாருக்கும் காய்ச்சல் இல்லாவிட்டால்.

சாப்பாடு என்றால் போஷோவும் பீன்ஸும்தான். மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டிய களிக்கு போஷோ என்று பேர். வாரத்தில் ஒரு நாளாவது மடோக்கே இருக்கும், அதாவது பச்சை வாழைக்காயை வாழை இலையில் பொதிந்து அவித்து மசித்தது. அதோடு வேர்க்கடலைக் குழம்பு ஊற்றினால் நல்ல ருசி. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பலாப்பழம் தாராளம். டோடோ என்று ஒரு கீரை கொடுப்பார்கள். சமைத்துப் பார், நம் முளைக்கீரை இனம்தான். துவரம் பருப்பும் மசாலாவும் வேண்டுமானால் கம்பாலாவில் இந்தியக் கடைகள் உண்டு, தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் இல்லத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. தனி அறையில் தனிச் சமையல் வைத்துக்கொண்ட ஊழியக்காரரிடம் பிள்ளைகள் எதையும் மனம்விட்டுச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

பயம் பற்றிக் கேட்டாய். நீ பயப்பட வேண்டியவை இரண்டு, மலேரியாவும் சாலையும். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதே. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ‘வெறும் சளிதான்’ என்று விடாமல் விரலில் குத்திப் பார்க்கும் மலேரியா பரிசோதனையை உடனே செய். மலேரியா என்று தெரிந்தால் மாத்திரை மூன்று நாள், தினம் இரண்டு வேளை. இரண்டாம் நாளே பிள்ளை விளையாட எழுந்துவிடும், அப்போதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. வலிப்பு வந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நீ நர்ஸ் என்பதால் இல்லத்துக்கு இது பெரிய பலம். சாலையைப் பொறுத்தவரை, போடா-போடா என்கிற மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே, இருட்டியபின் ஏறவே ஏறாதே.

சின்ன விஷயம்தான், ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளியே காயப்போட்ட துணியில் ஒருவகை ஈ முட்டையிடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாகிவிடும். அதனால் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் கரி இஸ்திரிப்பெட்டியால் சூடாகத் தேய்த்துத்தான் உடுத்த வேண்டும்.

ஊர்க்காரர்கள் உன்னை முதலில் கடைக்காரக் குடும்பத்துப் பெண் என்றே நினைப்பார்கள். இந்தியர் என்றால் இங்கே வியாபாரிதான். 1972-ல் அப்போது நாட்டை ஆண்ட இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை வெளியேற்றிய கதையைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். வருத்தத்தோடு பேசுகிறவர்களும் உண்டு, வேறு மாதிரி பேசுகிறவர்களும் உண்டு. விவாதம் செய்யாமல் கேட்டுக்கொள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது பெண்பிள்ளைகள் முழங்கால் போடுவது புகாண்டா என்கிற இந்தப் பகுதியின் வழக்கம். உன் முன்னாலும் போடுவார்கள், கூச்சப்பட்டுத் தடுக்காதே. இங்கே பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முடியை ஒட்ட வெட்டியிருக்கும், அதனால் உன் பின்னலைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள்.

சுவிசேஷத்தை நீ இங்கே கொண்டுவரவில்லை என்பதையும் மனதில் வை. இந்த நாட்டில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1977-ல் அமீனின் ஆட்சியில் கொல்லப்பட்ட பேராயர் ஜனானி லுவூமுக்காக பிப்ரவரி 16 அரசு விடுமுறை. ஜூன் 3 அன்று, விசுவாசத்துக்காக உயிர்விட்ட உகாண்டா இரத்தசாட்சிகளை நினைத்து லட்சக்கணக்கில் கம்பாலா பக்கத்திலுள்ள நமுகோங்கோவுக்குப் போகிறார்கள், பல நாள் நடந்தே வருகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட சபைக்குள் நீ கற்றுக்கொள்ளத்தான் வருகிறாய். இல்லத்தில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் பேரையும் நோன்பையும் மாற்ற முயலாதே.

இப்போது உன் கடைசிக் கேள்வி. பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்களா என்றால், முதல் நாளே ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை, உன்னைப் பார்த்தே இராத பிள்ளை, ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், தூக்கச் சொல்லும். வருகிறவர்கள் எல்லாரும் அதில் உருகிப்போய் வீட்டுக்குப் படம் அனுப்புகிறார்கள். தங்கச்சி, உன் வீட்டுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் சேலைக்குள் ஒளியும். யாரைக் கண்டாலும் ஓடிவந்து கட்டிக்கொள்கிற பிள்ளை, தனக்கென்று ஓர் ஆள் இல்லாமல் வளர்கிற பிள்ளை. மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறிப் போனால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் ஒரு இழப்பு.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். பிள்ளைகளை வளர்க்கிற உள்ளூர் அம்மாமார் ஒவ்வொரு இல்லத்திலும் இருப்பார்கள். அவர்கள்தான் நீ போனபின்னும் இருக்கப் போகிறவர்கள். அவர்களுக்குக் கைகொடு. பிள்ளை அழுதால் நீ தூக்குவதற்கு முன்னால் அந்த அம்மாவைக் கூப்பிடு, அவள் கையில் இருக்கும் பாத்திரத்தை நீ வாங்கித் தேய். பிள்ளைக்கு நீ மிட்டாய் கொடுக்காதே. ஏதாவது கொடுப்பதென்றால் அவள் கையால் கொடுக்கச் செய். கேட்கும்போது சின்ன வேலையாகத் தெரியலாம். பிள்ளைகள் இல்லத்தில் இதைவிடப் பெரிய ஊழியம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, அனாதை என்ற வார்த்தையை நம்பி வராதே. 1982-ல் இங்கே பக்கத்தில் ரகாய் வட்டாரத்தில், ஏரிக்கரையில் இருக்கும் கசென்செரோ என்ற மீன்பிடி ஊரில்தான் உகாண்டாவின் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் தெரியவந்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் வீடு வீடாக ஆட்கள் இறந்துபோனார்கள், தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்தார்கள். இல்லங்கள் பெருகியது அந்தக் காலத்தில். 2004 வாக்கிலிருந்து எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் தாய்மார் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் இல்லங்கள் மூடவில்லை. இப்போது வருகிற பிள்ளைகளில் பலர் வறுமையால் வருகிறவர்கள். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பாட்டி கொண்டுவந்து விடுவாள், அப்பா மறுமணம் செய்து விட்டுப் போயிருப்பார். உலகம் முழுக்கப் பார்த்தால் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் என்கிற குழந்தைகள் நல அமைப்பு 2009-லேயே எழுதியது. பாட்டிக்கு ஒரு ஆடும் பள்ளிக் கட்டணமும் கொடுத்தால் வீட்டிலேயே இருக்கக்கூடிய பிள்ளையை இல்லத்தில் வைத்து வளர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. நல்ல இல்லம் என்றால் அங்கே ஒரு சமூகப் பணியாளர் கிராமம் கிராமமாகப் போய் உறவினரைத் தேடிக்கொண்டிருப்பார். போக முடிந்தால் நீயும் அவரோடு போ. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்தபின் உன் ஜெபமே மாறிவிடும்.

நம் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் உள்ள பிள்ளைகள் இல்லத்தை நினைத்துக்கொள். அதைத் தொடங்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1895-ல் இந்தியா வந்து 1951-ல் இறக்கும்வரை ஒரு தடவைகூடத் தன் ஊருக்குப் போகவில்லை. தமிழைக் கற்று, தமிழ்ப் பெண்களைக் கூட வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளை வளர்த்தார். ஒரு வருஷத்துக்கு வருகிற நாம் அந்த அம்மாவின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது, அவருக்குக் கைகொடுத்த பெண்களின் வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் போடுவதற்கு முன் இல்லத்துக்கு எழுதிக் கேள். அரசின் அனுமதிச் சான்று இருக்கிறதா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நீதிமன்ற ஆணை இருக்கிறதா, பிள்ளைகள் நலனைக் கவனிக்கும் மாவட்ட புரொபேஷன் அதிகாரி வந்து பார்க்கிறாரா, கடந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். உன்னிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்காத இல்லத்துக்கு வராதே. யாரை வேண்டுமானாலும் பிள்ளைகளுக்கு நடுவில் விடுகிற இடம் அது. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே, வேலை அனுமதியை இல்லத்தாரே எடுத்துத் தர வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தை உன் சபைக்குக்கூட அனுப்பாதே. அங்கே யாராவது ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும் என்று கேட்டால், 2016-ல் திருத்திய சட்டப்படி வெளிநாட்டார் உகாண்டாவில் ஒரு வருஷம் தங்கி அந்தப் பிள்ளையை வளர்த்துப் பார்த்த பிறகே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிடு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். தடுப்பூசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வை. எண்டெபே விமான நிலையத்தில் இறங்கும்போது கேட்பார்கள். திரும்பிப் போகும்போது அட்டை இல்லாவிட்டால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். இல்லத்திலிருந்து பதில் வந்ததும் எனக்கு எழுது, அவர்கள் சொன்னதைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.