பெண்டு ஆனது டிஸ்க்கா, ஹப்பா? – வாகனக் கேள்வி பதில்

கேள்வி: காய்கறி லோடு அடிக்கும் பிக்கப் வைத்திருக்கிறேன். முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டும் புதிதாகப் போட்டு நாலு மாதம்தான் ஆகிறது. 60 கி.மீ. வேகத்துக்கு மேல் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. "டிஸ்க் பெண்டு, மறுபடி மாத்தணும்" என்கிறார் மெக்கானிக். அதற்குள் பெண்டு ஆகுமா? – ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: டிஸ்க் வளைவது அபூர்வம். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி) பின்முகத்தில் போல்ட் போட்டு டிஸ்க்கை இறுக்கியிருக்கும் வண்டிகளில், பழைய டிஸ்க்கைக் கழற்றினால் அந்த முகத்தில் துரு செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரத்தில் அதன் மேலேயே புதுசை வைத்து இறுக்கிவிடுகிறார்கள். 14 செ.மீ. அகலமுள்ள முகத்தின் ஓர் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு, அதாவது ஒரு தலைமுடி கனம் இருந்தால், 28 செ.மீ. டிஸ்க்கின் விளிம்பில் அது 0.1 மி.மீ. ஆட்டமாகிவிடும்.

முதல் நாளே இது காலுக்குத் தெரியாது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் அந்தத் துருத்திய பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் பேடை (டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பிரேக் கட்டை) உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். கனம் அளக்கும் மைக்ரோமீட்டரை டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் வைத்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஸ்டியரிங் உதறும். உங்கள் நாலு மாதக் கணக்கும் இதற்குத்தான் பொருந்துகிறது.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். போல்ட் துளை விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் எடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எவ்வளவு டார்க் என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஹப்பை ஏற்றி, பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்தபின், காந்த ஸ்டாண்டு வைத்த, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை டிஸ்க் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே நிறுத்தி ஒரு சுற்று சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருந்தால் நல்லது. 0.1-ஐத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். இந்த அளவை எடுக்காமல் மூன்றாவது ஜோடி டிஸ்க் வாங்குவது தண்டச் செலவு.

கேள்வி: இப்போதுள்ள டிஸ்க்கை லேத்தில் ஓட்டி (கடைந்து சமப்படுத்தி) பயன்படுத்தலாமா?

பதில்: டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். ஓட்டியபின் அதைவிடக் கணிசமாக மிச்சம் இருந்தால் ஓட்டலாம். ஹப்போடு சேர்த்தே லேத்தில் கட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டும்.

கேள்வி: ஹப்பை இறக்கும்போது கூடவே என்னென்ன வாங்கி வைப்பது? – தேனி வாசகி

பதில்: இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து: டிஸ்க் 2, பேடு ஒரு செட் (4 துண்டு), ஆயில் சீல் 2, ஸ்பிளிட் பின் (ஹப் நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசி) 2, டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் போல்ட்டுகள் முழு செட், அரை கிலோ லித்தியம் வீல் பேரிங் கிரீஸ், பிரேக் கிளீனர் 2 டின். பேரிங் நல்லபடி இருந்தால் மாற்ற வேண்டாம். கழுவித் துடைத்து ரோலரை வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ, நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது கோனை (ரோலர் உள்ள உள்வளையம்) மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை (வெளிவளையம்) ஹப்பிலேயே விட்டுவைக்கிற சிக்கனம் வேண்டாம். பழைய கப்பின் தழும்பு புது ரோலரைத் தின்றுவிடும். ஆயில் சீலுக்கோ விலை சொற்பம். பழசையே திருப்பிப் போட்டால் கிரீஸ் கசிந்து டிஸ்க்கில் தெறிக்கும், புதுப் பேடும் பாழ்.

கேள்வி: ஹப் நட்டை எவ்வளவு இறுக்குவது? ஒவ்வொரு பட்டறையில் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: கூம்பு ரோலர் பேரிங் இரண்டு இருக்கும் ஹப்புக்குத்தான் இந்த வேலை. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை ஸ்பேனரால் ஓரளவு இறுக்குங்கள். ரோலர்கள் கப்பில் போய் அமரும். சுற்றாமல் இறுக்கினால் அமர்ந்த மாதிரி காட்டி ஏமாற்றும். பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகுங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் தளர்த்தும் பக்கமாகவே அடுத்த காடிக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு ஆட்டம் இருக்கலாம். லாக் வாஷரும் இரண்டாவது நட்டும் உள்ள வண்டியில் அந்த நட்டை இறுக்கியதும் ஆட்டம் மாறும், திரும்பப் பாருங்கள்.

இறுகிப்போனால் கிரீஸ் உருகி பேரிங் பிடித்துக்கொள்ளும். தளர்ந்து கிடந்தால் டிஸ்க் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளும். முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் மேலே நிற்கும். பிரேக்கில் காற்று என்று நினைத்து இதற்கு வீணாக ஆயில் மாற்றுகிறவர்கள் நிறைய.

கேள்வி: வேலை முடிந்த அன்றே வால்பாறைக்கு லோடு ஏற்றலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: வேண்டாம். 40 கொண்டை ஊசி வளைவு புது பேடுக்கு முதல் நாள் பாடமல்ல. டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைக் கிளீனரால் துடைத்திருக்கிறீர்களா பாருங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். காலிபரின் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் சில மிதிக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பிறகு காலி வண்டியில், ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல், பத்துத் தடவை, இடையிடையே ஆறவிட்டு. சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்தால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். திரும்பி வந்ததும் இரண்டு ஹப் மூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்த நட்டையும் காலிபர் பின்னையும் பார்த்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை டார்க் பாருங்கள்.