மகளிர் கணித நாளுக்கு வகுப்பில் உருப்படியாக என்ன செய்யலாம்?

மகளிர் கணித நாளான மே 12, ஃபீல்ட்ஸ் பதக்கம் (கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்று) வென்ற முதல் பெண்ணான மரியம் மிர்ஸாகானியின் பிறந்தநாள். அன்று படமும் வாழ்க்கைக் குறிப்பும் ஒட்டுவதோடு நிறுத்தாமல் வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெண் கணித மேதைகள் போட்ட கணக்கு ஒன்றையே பலகையில் போட்டுக் காட்டுங்கள். பள்ளி அளவில் சோஃபி ஜெர்மைன் (1776–1831) நல்ல தேர்வு. 'லெப்லாங்' என்ற ஆண் பெயரில் அக்காலக் கணித மேதைகளான லக்ராஞ்சுக்கும் காஸுக்கும் கடிதம் எழுதிய கதையை எல்லாரும் சொல்வார்கள். கணக்கைத்தான் யாரும் தொடுவதில்லை.

அடுக்கு 2-க்கு மேல் போனால் அப்படிப்பட்ட இரண்டு அடுக்குகளின் கூட்டுத்தொகை அதே அடுக்கில் இன்னொரு முழு எண்ணாக வராது (மூன்றும் மிகை முழு எண்கள்) என்பதுதான் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். அதில் அடுக்கு 5-ஐ எடுங்கள்: அ⁵ + ஆ⁵ = இ⁵ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் 11, அதுவும் பகா எண். 1 முதல் 10 வரை ஒவ்வொன்றின் ஐந்தாம் அடுக்கையும் 11-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 2⁵ = 32, மீதி 10. 3⁵ = 243, மீதி 1. பத்தையும் போட்டுப் பார்த்தாலும் மீதி 1 அல்லது 10 மட்டுமே. இரண்டைக் கூட்டினால் மீதி 0, 2, 9 தான் கிடைக்கும். இ⁵-க்கு வேண்டிய 1 அல்லது 10 வரவே வராது. ஆகவே மூன்றில் ஒன்று 11-ஆல் வகுபட்டே தீரும். அதற்குமேல், மூன்றில் எதுவும் 5-ஆல் வகுபடாது என்று வைத்துக்கொண்டால், 5-ம் அந்த மீதிப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இல்லையே! எனவே ஒன்றாவது 5-ஆல் வகுபடும். (இந்த இடைப்படிக்குக் காரணிப்படுத்தல் தேவை, மேல் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

உடனே ஒரு பையன் 7-க்குக் கேட்பான். 15 பகா எண் அல்ல, வழி அடைபடும். அப்போது 29-ஐ எடுங்கள்: மீதிகள் 1, 12, 17, 28. எந்த இரண்டைக் கூட்டினாலும் இந்த நான்கில் ஒன்று வராது, 7-ம் பட்டியலில் இல்லை. இப்படி 11, 29 போன்ற துணைப் பகா எண்களைத் தேடித்தேடி ஜெர்மைன் 100-க்குட்பட்ட எல்லா ஒற்றைப் பகா அடுக்குகளையும் முடித்தார்.

சுவரொட்டிகளில் வழக்கமாக வரும் பிழை: "ஃபெர்மா தேற்றத்தை நிரூபித்தவர்". கிடையாது. மூன்றும் அடுக்கால் வகுபடாத நிலையை மட்டுமே அவர் ஒழித்தார். ஒன்று வகுபடும் நிலைதான் கடினமானது, அது மிச்சமிருந்தது.

நேரமிருந்தால் மரினா வியாசோவ்ஸ்கா. எட்டுப் பரிமாணத்தில் சம அளவுக் கோளங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கலாம் என்பதை 2016-ல் தீர்த்தார். 2022-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். விடை, பையின் (π) நான்காம் அடுக்கை 384-ஆல் வகுத்தால் வருவது. வகுக்கச் சொல்லுங்கள்: 0.2537. அதாவது இடத்தில் கால் பங்குக்குச் சற்றே மேல்தான் நிரம்பும்.