வெஸ்ட் பாயிண்ட் 1913: தோற்றது ஒரே ஒரு ஆட்டம், கேள்விகள்தான் ஏகப்பட்டது

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. 1913 அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடுவது) சீசனில் அவர்களுடைய ‘ஆர்மி’ அணி 9 ஆட்டம் ஆடி 8 ஜெயித்தது. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பது நோட்ர டாம் பல்கலைக்கழக அணியிடம் தோற்ற அந்த ஒரே ஆட்டத்தைப் பற்றி. சரி, ஆரம்பிக்கலாம்.

சார், முன்னோக்கி எறியும் பாஸ் அந்த ஆட்டத்தில்தான் பிறந்தது என்கிறார்களே?

இல்லை. அதை அனுமதிக்கும் விதி 1906-லேயே வந்துவிட்டது, அந்த வருடமே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி எறிந்து ஆடியது. ஆனால் அப்போது பாஸ் யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் பந்தே எதிரணிக்குப் போய்விடும், அப்புறம் யார் துணிவார்கள்? தண்டனை போகப்போகக் குறைந்தது. 1912-ல் 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற வரம்பையும் எடுத்தார்கள், பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்பு இருந்ததை நான்காக்கினார்கள். நோட்ர டாம் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அண்ணே, ஆர்மி அவ்வளவு மோசமாகவா ஆடியது? 35-13 என்று போட்டிருக்கிறதே.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும் தம்பி. நவம்பர் 1, வெஸ்ட் பாயிண்ட் மைதானம், பாதி ஆட்டத்தில் 14-13 தான். ஆர்மி தடுப்பாட்டக்காரர்கள் பழக்கப்படி முன்வரிசையில் நெருக்கியடித்து நின்றார்கள், எதிராளி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதித்தான் வருவான் என்று. நோட்ர டாமின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) கஸ் டோரே தலைக்கு மேலே எறிந்தார். கேப்டன் நூட் ராக்னி நொண்டுவது போலச் சில முறை ஓடிக் காட்டிவிட்டு, தன்னைக் காவல் காத்தவர் அசந்த நேரத்தில் பறந்தாராம். இது ராக்னியே பிற்பாடு சொன்ன கதை, அப்படியே நம்பிவிட வேண்டாம். அன்றைக்கு டோரே எறிந்த பாஸ்களில் மட்டும் அணி 240 கெஜத்துக்கு மேல் முன்னேறியது. பயந்துபோய் ஆர்மி பின்னால் விலகி நின்றதும் நடுவில் வழி திறந்தது, ரே ஐக்கன்லாப் என்ற கனத்த ஆள் அதில் புகுந்து ஓடினார். என்னைக் கேட்டால் ஆட்டத்தை முடித்தது அந்த ஓட்டம்.

நோட்ர டாமுக்கு மட்டும் இந்த பாஸ் எப்படிக் கை வந்தது?

அந்தக் கோடையில் டோரேயும் ராக்னியும் ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையில் சீடர் பாயிண்ட் என்ற உல்லாசத் தலத்தில் வேலை பார்த்தார்கள், ஓய்வு நேரமெல்லாம் மணலில் பந்து. அப்போதைய பந்து இன்றையதைவிடக் குண்டு. பலரும் நின்ற இடத்தில் வயிற்றோடு அணைத்துத்தான் பிடிப்பார்கள். இவர்கள் ஓடிக்கொண்டே விரல்களால் பிடித்துப் பழகினார்கள்.

தோற்ற பிறகு ஆர்மி என்ன செய்தது?

இதை யாரும் கேட்காமல் போய்விடுவீர்களோ என்று நினைத்தேன்! பயிற்சியாளர் சார்லஸ் டேலி கௌரவம் பார்க்கவில்லை. ஒரே மாதத்தில் அதே பாஸ் ஆட்டத்தைத் தன் பையன்களுக்குப் பழக்கினார். 1910, 1911, 1912 மூன்று வருடமும் நேவியிடம் (கடற்படைக் கல்லூரி அணி) 3-0, 3-0, 6-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற அணி, நவம்பர் 29-ல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் 22-9 என்று ஜெயித்தது. பிரிச்சர்ட் எறிய மெரிலாட் பிடித்த பாஸ்கள்தான் நேவியை உடைத்தன. அடுத்த வருடம் 9-க்கு 9. அந்த 1914 அணியில் ஓமர் பிராட்லி, பின்னாளைய ஐந்து நட்சத்திர ஜெனரல், இருந்தார்.

ரொம்ப முரட்டு விளையாட்டா? உயிர்ச்சேதம் உண்டா?

உண்டு. 1909 அக்டோபர் 30-ல் ஹார்வர்டுக்கு எதிராக ஆடும்போது யூஜீன் பைர்ன் என்ற ஆர்மி மாணவருக்குக் கழுத்தில் அடி, மறுநாள் இறந்தார். ஆர்மி மிச்ச ஆட்டங்களை எல்லாம் ரத்து செய்தது, நேவி ஆட்டம் உட்பட. கல்லூரி ஆட்டத்தில் ஹெல்மெட் கட்டாயமானதே 1939-ல்தான்.

வெஸ்ட் பாயிண்டில் படித்து, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் 1913-ல் ஆடினாரா?

இல்லை. 1912 நவம்பரில் பிரபல வீரர் ஜிம் தோர்ப்பின் கார்லைல் அணியிடம் 27-6 என்று தோற்ற ஆட்டத்தில் ஆடினார், அடுத்த வாரம் டஃப்ட்ஸ் அணியுடன் ஆடும்போது முழங்கால் திருகிக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் தேறியிருக்கலாம், சில நாளிலேயே குதிரையிலிருந்து குதித்து ஏறும் பயிற்சியில் இறங்கி அதை முழுசாகக் கெடுத்துக்கொண்டார். அப்புறம் கல்லூரியில் இருந்தவரை ஜூனியர் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், ஆட்டத்தன்று ஓரத்தில் நின்று கூட்டத்தைக் கத்தவைப்பதும்தான்.