குட்டி பாய்லருக்கு வீட்லயே பிரேஸிங் அடுப்பு: எதுல காசு போடணும்?

கேள்வி: குன்னூர்ல இருக்கேன் சார். நம்ம மலை ரயில் எக்ஸ் கிளாஸ் இன்ஜினை சின்னதா, நிஜமாவே ஆவியில ஓடுற மாதிரி செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. பாய்லர் நாலு இன்ச் செம்பு பைப்புல. பிரேஸிங் (ராடை உருக்கி ஜாயிண்ட்டை ஒட்ட வைக்கிறது) அடுப்பு ரெடிமேடா கேட்டா விலை கட்டுபடி ஆகல. வீட்லயே செய்ய என்ன வாங்கணும்? பிரிட்ஜ் மெக்கானிக் வச்சிருக்கற ராடு போதுமா?

பதில்: ஸ்டாண்டுக்கு செலவே பண்ணாதீங்க. காயலான் கடையில பழைய ஆங்கிள் வாங்கி இடுப்பு உயரத்துக்கு மேசை மாதிரி வெல்டு வச்சு மேல கருப்பு தகடு போட்டா முடிஞ்சுது. துத்தநாகம் பூசுன ஜி.ஐ. தகடு மட்டும் வேண்டாம், சூட்டுல துத்தநாகம் புகைஞ்சு அதை இழுத்தீங்கன்னா ராத்திரி குளிர் காய்ச்சல்ல ஆட்டிடும்.

காசு போக வேண்டியது, சூடு வெளிய போகாம பாய்லரைச் சுத்தி அடுக்கற கல்லுக்குத்தான். செம்பு ஒரு மூலையில சூடு பண்ணா பூரா கடத்தி விட்டுரும், அதனால மொத்த பாய்லரும் 650 டிகிரி கிட்ட வந்தாத்தான் வெள்ளி ராடு உருகி ஜாயிண்ட்டுக்குள்ள ஓடும். நான் மொத தடவை ஏமாந்ததே இங்கதாங்க. 'ஃபயர் பிரிக்'னு கேட்டேன், கடைக்காரர் பேக்கரி அடுப்புக்கு வைக்கிற கெட்டிக் கல்லைக் கட்டிக் குடுத்துட்டார், அரைமணி நேரம் ஊதுனேன், சூட்டையெல்லாம் கல்லே குடிச்சுது, ராடு ஓடறதுக்கு ஜாயிண்ட்டுல தடவுற பிளக்ஸ் பசை கருகி கண்ணாடியா ஒட்டிக்கிச்சு, ராடு அசையல. வர்க்கி சுட அந்தக் கல்லு அருமை, நமக்கு ஆகாது.

கேக்க வேண்டியது இன்சுலேஷன் பிரிக். கோவையில பவுண்டரி சாமான் விக்கிற கடைங்கள்ல கேளுங்க. 9 இன்ச் கல்லு ஒண்ணை கையில தூக்கிப் பாத்தா ஒரு கிலோ சொச்சம்தான் இருக்கணும், மூணு கிலோவுக்கு மேல கனத்தா திருப்பிக் குடுத்துருங்க. நகத்தால கீறுனா ரஸ்க் மாதிரி உதிரணும். ஒண்ணரை டஜன் போதும், பூசிடாதீங்க, சும்மா பாய்லரை ஒட்டி அடுக்குங்க, ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் மாத்தி அடுக்க வேண்டி வரும். நம்ம ஊர் மூடுபனியில கல்லு ஈரம் குடிச்சிருக்கும், மொதல்ல சின்னத் தீயில காய விடுங்க. கடப்பா கல்லு, காங்கிரீட் மேல நேரா தீ பட்டா வெடிச்சுச் செதறும்.

டார்ச்சுக்கு, மொட்டை மாடியில தார் ஷீட் ஒட்டறவங்க வச்சிருப்பாங்களே அந்தப் பெருசு போதும். ஆனா ஸ்டவ் ரெகுலேட்டர்ல பிரஷர் வராது, ஹை பிரஷர் ரெகுலேட்டர் தனியா வாங்கணும். வீட்டு சிலிண்டரை இதுக்கு எடுக்கக் கூடாதுங்க, 19 கிலோ கமர்ஷியல் எடுங்க. சின்ன சிலிண்டர்ல வேகமா இழுத்தா வெளிய பனி பூத்து பிரஷர் இறங்கிரும், கேஸ்ல இருக்கற பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி கிட்ட வந்தா ஆவியாகவே மாட்டேங்கும். மார்கழி காலையில ஆரம்பிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க. உச்சி வெயில்ல, காத்தோட்டமான இடத்துல வைங்க.

பிரிட்ஜ் மெக்கானிக் ராடு வேண்டவே வேண்டாம். அது பாஸ்பரஸ் கலந்த செம்பு, நிலக்கரி எரிச்சா வர்ற கந்தகப் புகை அந்த ஜாயிண்ட்டை அரிச்சுரும். 55 சதவீத வெள்ளி ராடு வாங்குங்க, கேட்மியம் இல்லாததான்னு பாக்கெட்டைப் பாருங்க, அந்தப் புகை விஷம். வெள்ளி மார்க்கெட்டோட ஏறி இறங்கற விலை, அதனால ரெண்டு கடையில விசாரிச்சு பில்லோட வாங்குங்க.

பாய்லர் முடிஞ்சதும் காத்தடிச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. முழுக்கத் தண்ணி ரொப்பி, ஓட்டப்போற பிரஷருக்கு ரெண்டு மடங்கு கைப் பம்புல ஏத்திப் பாத்துட்டு அப்புறம் நெருப்பு வைங்க.